கண்ணாடிப் பெட்டியில் ஒரு காலி இடம்

மரிகினா,
செப்டம்பர் 26

அன்புள்ள ஜோமர்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. எழுதி முடிப்பதற்குள் விடிந்தாலும் விடிந்துவிடும். ஜிங்ஜிங் இப்போதுதான் கண் மூடினாள். அவள் விழித்திருக்கும்போது எனக்கு இரண்டு வரி சேர்ந்தாற்போல் வருவதில்லை. கப்பலுக்குப் படம் வந்து சேருவதற்குள் உறைந்துவிடுகிறது, பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது, மெயிலில் எழுதினால்தான் ஒழுங்காக வருகிறது என்று நீதான் சொல்வாய். அதனால் எழுத்து.

அன்றைக்கு நான் பாதியில் போனை வைத்ததைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. "டிசம்பர்ல இறங்காம இன்னும் கொஞ்ச மாசம் இருக்கியான்னு கேக்குறாங்க" என்று நீ சொன்னதைப் பற்றியும் இல்லை. உன் முகத்தைப் பார்த்து உன் மகளே வீறிட்டு அழுததைப் பற்றியும் இல்லை. வேறு செய்தி. நான் பெட்டி வாங்கிவிட்டேன்.

நம் கம்ப்யூட்டருக்கான பெட்டிதான். உள்ளே ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது கீழ்வீட்டு பேபெங் அக்கா வழிமறித்தார்.

"என்னடி, மீன் தொட்டியா?"

"இல்லக்கா, கம்ப்யூட்டர்."

"எங்க இருக்கு கம்ப்யூட்டர்? உள்ள காத்துதான் இருக்கு."

"இனிமேதான் ஒண்ணொண்ணா வாங்கிப் பூட்டணும்."

"புருஷனும் இனிமேதான், கம்ப்யூட்டரும் இனிமேதான். உன் வீட்டுல எதுதாண்டி வந்து சேர்ந்திருக்கு?"

சிரித்துவிட்டேன். மேலே வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜிங்ஜிங் அது வந்த அட்டைப்பெட்டியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அதற்குள் உட்கார்ந்து, விளிம்பைப் பிடித்தபடி, எங்கோ பயணம் போகிறவள்போல் முகத்தை வைத்துக்கொள்கிறாள். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்னும் குடி வராத வீடு மாதிரி இருந்தது.

கல்லூரிக்குப் பின்னாலிருந்த, காசு போட்டால் கம்ப்யூட்டர் ஓடும் கடை நினைவிருக்கிறதா? ஒரு பெசோ போட்டால் சில நிமிஷம் திரை எரியும். ஆட்டத்தில் நீ முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குவாய். அதனால் உனக்குச் சுவர் என்று பெயர். நான் பின்னாலிருந்து வழி சொல்வேன், நான் கேப்டன். ஒருநாள் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இரண்டு பேருடைய காசும் தீர்ந்துபோய், உன் பையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதை என் மெஷினில் போட்டாய். உன் திரை இருண்டது. நீ எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாய். நான் ஜெயித்தேன். அன்றைக்குத்தான் சொன்னாய், காசு கேட்காத மெஷின் ஒன்று நாமே பூட்டுவோம் என்று.

விளையாடத்தான் இது. வேலைக்கு என்று யாரிடமும் பொய் சொல்லப் போவதில்லை. என்னென்ன வாங்குவது என்று நீ சொல்.

ரிசா


கடலில்,
அக்டோபர் 3

கேப்டன் அவர்களுக்கு,

இந்தக் கப்பலிலும் ஒரு கேப்டன் இருக்கிறார். உன் கடிதத்தைத் திறக்கும்போது நடுங்கிய அளவுக்கு அவர் முன்னால் நான் நடுங்கியதில்லை.

கண்ணாடியைப் பார்த்து மயங்கியிருக்கிறாய். முன்பக்கம் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தாயா? எஞ்சின் அறையில் புதிதாக வருகிறவனுக்கு முதலில் காட்டுவது எஞ்சினை அல்ல, காற்று வரும் வழியை. குளிர்ந்த காற்று ஒரு பக்கம் உள்ளே வரவேண்டும், சூடானது இன்னொரு பக்கம் வெளியே போகவேண்டும். நடுவில் எங்கும் தேங்கக்கூடாது. உன் பெட்டிக்கும் அதே சட்டம். முன்னால் இரண்டு விசிறி உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும்.

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். இங்கே ஜெனரேட்டர் ஒருமுறை இருமினால் கப்பல் முழுக்க இருமும்.

ப்ராசஸர்: சிலவற்றுக்குத் தானாகவே படம் காட்டத் தெரியும். சிலவற்றுக்கு கிராஃபிக்ஸ் கார்டு செருகினால்தான் திரையில் ஏதாவது வரும். தானாகக் காட்டுவதையே வாங்கு. கார்டு என் பொறுப்பு. ஜப்பானில் இறங்க விட்டால் நானே பார்த்து எடுப்பேன். அதுவரைக்கும் நீ சின்ன ஆட்டமாவது ஆடிக்கொண்டிருக்கலாம், எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அவள் இன்னும் என் படத்தைப் பார்த்தால் அழுகிறாளா? சும்மாதான் கேட்டேன்.

சுவர்


மரிகினா,
அக்டோபர் 11

அன்புள்ள சுவரே,

முன்பக்கம் கொசுவலை மாதிரி முழுக்க ஓட்டைதான். நான் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். கண்ணாடி அதற்கப்புறம்.

மதர்போர்டு வந்துவிட்டது. உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். இரவில் விமானத்திலிருந்து மணிலாவைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தெருக்கள், தண்ணீர்த் தொட்டிகள், ஒரே உயரத்தில் வரிசையாகக் கட்டிடங்கள். அன்றிரவு கனவில் அந்தத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தேன். ஜிங்ஜிங் இடுப்பில். எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, வாசலில் ஆள் இல்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல் நடந்து நடந்து நீளமான ஒரு கப்பல்துறைக்கு வந்து சேர்ந்தோம். கப்பல் இல்லை. தண்ணீர் கூட இல்லை. ஆனால் நான் பயப்படவில்லை, ஜோமர். இடம் இருக்கிறதே, வரும்போது வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். விழித்த பிறகு போர்டை எடுத்துப் பார்த்தால், கார்டு செருகும் நீளப் பள்ளம்தான் அது.

பகலில் எனக்கு இவ்வளவு தைரியம் இல்லை. திருகாணிகளைப் பால் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் மேல் வைத்திருக்கிறேன். ஒன்று குறைந்தாலும் அவள் வாயைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கிறேன். நேற்று அப்படிப் பார்த்தபோது கடித்துவிட்டாள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று சங்கு ஊதிய அன்று அவளை ஒரு கையிலும் போர்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன். மாடிக்கு ஏறிவந்த பேபெங் அக்கா பார்த்துவிட்டு, "ரெண்டுல எதைடி முதல்ல தூக்குன? உண்மையைச் சொல்லு" என்றார். அவளைத்தான். சத்தியமாக அவளைத்தான்.

நீ கிளம்பிய அன்று பாதிச் சாப்பாட்டில் வண்டி வந்துவிட்டது. யாராவது நடுவில் கிளம்பினால் மற்றவர்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்பி வைக்கவேண்டும் இல்லையா, போகிறவர் பத்திரமாகப் போக? எல்லோரும் திருப்பினார்கள். நான் திருப்பினேனா என்று நினைவில்லை. கையில் குழந்தை. இப்போது சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒருமுறை திருப்பிவிடுகிறேன். படித்தவள் செய்கிற காரியமா என்று நீ சிரிப்பாய், சிரி.

அழுகிறாளா என்று கேட்டாய். படத்தைப் பார்த்து அழவில்லை. பேசிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று வாய் திறந்தபடி உறைந்துபோகிறதே, அதைப் பார்த்துத்தான். நானே சில சமயம் பயந்துபோகிறேன். தூங்கவைக்கும்போது நீ அனுப்பிய குரல் பதிவுகளைப் போடுகிறேன். பாதி நீ, பாதி எஞ்சின். எஞ்சின்தான் அதிகம். நன்றாகத் தூங்குகிறாள்.

விசிறியில் விளக்கு இருப்பது வாங்கட்டுமா? வழக்கம்போல் செப்டம்பரிலிருந்தே தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு. எல்லா ஜன்னலிலும் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. நம் ஜன்னலில் மட்டும் துணி காய்கிறது.

நீ இன்னும் ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ரிசா


கடலில்,
அக்டோபர் 20

கேப்டன்,

விளக்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வாங்கு.

ரேம் ஒன்றே பெரிதாக வாங்காதே. இரண்டாக வாங்கி, நடுவில் ஒரு பள்ளம் விட்டுச் செருகு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பதைவிட, கொஞ்சம் தள்ளி நின்று வேலை செய்தால் வேகம் அதிகம். இது போர்டைப் பற்றி மட்டும்தான், வேறு அர்த்தம் எடுக்காதே.

முக்கியமாக, சத்தம் போடாத விசிறியாகப் பார். இங்கே தூங்கும்போதும் காதுக்குள் எஞ்சின் ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் நான் முதலில் கேட்க நினைப்பது ஒன்றுமில்லாத சத்தத்தை.

விசிறி எங்கெங்கே வரவேண்டும் என்று பழைய காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். நெஸ்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். இலோய்லோக்காரர், என்னோடு ஒரே ஷிஃப்ட் என்று சொல்லியிருக்கிறேனே, அவர்தான்.

"என்னடா, வீடு கட்டுறியா?"

"கம்ப்யூட்டர்ணே. விளையாடுறதுக்கு."

"கப்பல்ல இருந்துக்கிட்டு வீட்டுல விளையாடப் போறியா? நல்லா வருவடா."

அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். போன தடவை அவர் வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் ஆனதும், அவருடைய சின்னப் பையன் அம்மாவிடம் போய், "இந்த அங்கிள் எப்ப கிளம்புவாரு?" என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் ரொம்ப நேரம் எண்ணெய் அளவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீ கேட்காததற்குப் பதில்: மார்ச் வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டிக்கிற காகிதம் செகண்ட் எஞ்சினியர் மேசையில் இருக்கிறது. இருந்தால் அடுத்த தடவை ஒரு படி மேலே ஏற்றுவதாகச் சொல்கிறார். சுவர் என்றால் முன்னால்தானே நிற்கவேண்டும்?

ஜோமர்


மரிகினா,
நவம்பர் 3

அன்புள்ள ஜோமர்,

கல்லறைத் திருநாளன்று போய்ப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு வந்தோம். உன் அப்பாவுக்கு உன் பெயரிலும் ஒன்று ஏற்றினேன். இன்று ஜிங்ஜிங்கை பேபெங் அக்காவிடம் விட்டுவிட்டு, சந்தோலானில் ரயில் ஏறி, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் கில்மோர் தெருவுக்குப் போய்விட்டு வந்தேன். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். ரயிலில் மடியிலும் காலடியிலும் பெட்டிகள். பக்கத்திலிருந்த பெண், "கல்யாணப் பரிசா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கடைக்காரப் பையன் பெயர் ரென்ஸ். வாயாடி.

"மேடம், இலவசமாவே பூட்டித் தர்றோம். நீங்க உக்காந்து குளிர்ந்த காத்து வாங்குங்க."

"வேணாம். நானே பூட்டிக்கிறேன்."

"முதல் தடவையா?"

"ஆமா."

"அப்ப ப்ராசஸரைச் செருகும்போது 'கிறீச்'னு ஒரு சத்தம் வரும். உடைஞ்சுபோச்சுன்னு எனக்கு போன் பண்ணி அழாதீங்க. எல்லாரும் அழுவாங்க. ஆம்பளைங்கதான் அதிகம்."

வாங்கியதையெல்லாம் கண்ணெதிரே ஓட்டிக் காட்டாமல் அந்தத் தெருவில் யாரும் கொடுக்கமாட்டார்கள், உனக்குத் தெரியும். கவுண்டரின் மேல் வெறும் போர்டை வைத்து, ப்ராசஸரை வைத்து, ரேமைச் செருகி, கடையின் கார்டு ஒன்றை எடுத்துப் பள்ளத்தில் செருகினான். திரை எரிந்தது. வெறும் எழுத்துகள்தான், வெள்ளையாக. ஆனால் அவை நம்முடையவை. ஒருவரும் காசு போடவில்லை. ரென்ஸ், "திருப்தியா பாஸ்?" என்று கேட்டுவிட்டுக் கடைக்கார்டை உருவிக்கொண்டான். திரை இருண்டது.

நான் எடுத்தது தானாகப் படம் காட்டத் தெரியாத ப்ராசஸர். பெயரின் கடைசியில் 'எஃப்' போட்டிருக்குமே, அந்த வகை.

விசிறிகளில் விளக்கு இருக்கிறது. சத்தமும் கொஞ்சம் இருக்கிறது. விளக்கு இருந்து சத்தம் இல்லாதது கடையில் இல்லை.

இந்த வாரத்துக்குள் பூட்டிவிடுவேன். 

ரிசா


கோபே துறைமுகம்,
நவம்பர் 6

கேப்டன்,

தப்பு பண்ணிவிட்டாய். முதல் தடவை பூட்டுகிற பத்துப் பேரில் பாதிப் பேர் பண்ணுகிற தப்புதான், கவலைப்படாதே. தானாகப் படம் காட்டுவதையே வாங்கு என்று தெளிவாக எழுதியிருந்தேனே. குழந்தை அழுதபோது படித்தாயோ என்னவோ. இப்போது எல்லாம் பூட்டி முடித்தாலும் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாகவே இருக்கும்.

ஆனால் வழி இருக்கிறது. நேற்று எங்களை இறங்க விட்டார்கள். கார்டு வாங்கிவிட்டேன். கனமாக, இரண்டு விசிறியோடு, கறுப்பாக இருக்கிறது. நெஸ்டர் அண்ணனுக்கு ஒப்பந்தம் முடிந்தது. இங்கேயே இறங்கி, அடுத்த வாரம் மணிலாவுக்கு விமானம். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். சந்தோலான் ஸ்டேஷனுக்கு வந்து உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஜப்பான் சாக்லேட்டும் கொஞ்சம் வரும். நீ யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

காகிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கப்பல் கிளம்புவதற்குள் கேட்பார்கள். திங்கட்கிழமை கிளம்புகிறோம்.

நேற்றிரவு கடல் கொஞ்சம் ஆட்டியது, துறைக்குள்ளேயே. கார்டு உருண்டு விழுந்துவிடக்கூடாது என்று ஜாக்கெட்டில் சுற்றிப் படுக்கையில் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். கை தானாக அதன்மேல் போய் நின்றது. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று ஒருநிமிஷம் தேடினேன். அவளை எப்படித் தூக்கிப் பிடிப்பது என்று எனக்கு மறந்துபோயிருக்கிறது, ரிசா. அவளும் இப்போது வேறு கனம் இருப்பாள்.

ஜோமர்


மரிகினா,
நவம்பர் 7

அன்புள்ள ஜோமர்,

மறுபடியும் நேரங்கெட்ட நேரம். மன்னித்துவிடு.

நெஸ்டர் அண்ணனிடம் கார்டைக் கொடுக்காதே. சாக்லேட் கொடு. கார்டு வேண்டாம்.

நான் தப்புப் பண்ணவில்லை. உன் கடிதத்தைக் குழந்தை அழும்போது படிக்கவில்லை, அவள் தூங்கிய பிறகு மூன்று தடவை படித்தேன். ரென்ஸும் சொன்னான்.

"மேடம், இதுல தானா படம் வராது. கார்டு இருக்கா?"

"வருது."

"எப்ப?"

"கப்பல்ல."

"ஆர்டரா?"

"புருஷன்."

அவன் ரசீதை எடுத்துத் திருப்பினான். அப்புறம், "எங்கப்பாவும் கப்பல்தான்" என்று மட்டும் சொன்னான். ரசீதின் பின்பக்கத்தில் தன் நம்பரை எழுதி, "சனிக்கிழமைக்குள்ள மனசு மாறுச்சுன்னா கொண்டுவாங்க, படம் காட்டுறதா மாத்தித் தர்றேன்" என்றான்.

நீ இல்லாமல் கண் திறக்காத மெஷினாக இருக்கட்டும் என்றுதான் வாங்கினேன். அப்படியாவது வருவாய் என்று. நீ என்னடாவென்றால் உன்னை அங்கேயே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பப் பார்க்கிறாய். உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் நீ எழுதியிருந்த அந்தக் கடைசி வரிகளைப் படித்தேன். கோபம் போய்விட்டது. நீ அங்கேயே இருக்கப் பார்ப்பது பதவிக்காக இல்லை, நீ பயந்துபோயிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அதனால் இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன். அந்த 'கிறீச்' சத்தம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ரேமுக்கு நடுவில் பள்ளம் விட்டேன். காற்று முன்னால் வந்து பின்னால் போகிறது, நூல் பிடித்துப் பார்த்தேன். உன் கார்டு வரவேண்டிய இடத்தில் பின்பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். உள்ளே நீளமாக ஒரு காலி இடம். ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, பட்டனை அழுத்தினேன்.

விசிறிகள் சுற்றின. நீலமும் ஆரஞ்சும் சிவப்பும் சுவரெல்லாம் மெதுவாக நகர்ந்தன. ஜன்னல் கண்ணாடியில் போய் விழுந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இப்போது நம் வீட்டிலும் நட்சத்திரம் தொங்குவதாகத் தெரியும். திரை நீ சொன்னபடியே இருட்டு. அதில் என் முகம் தெரிந்தது. என் தோளுக்குப் பின்னால், நீ வந்து நிற்கும் இடம் தெரிந்தது.

விசிறி இரைந்துகொண்டே இருந்தது. தாழ்வாக, ஒரே சீராக. ஜிங்ஜிங் விழித்துக்கொண்டாள். நான் அணைக்கப் போனேன், அழுவாளே என்று. அழவில்லை. தொட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள். கைகளை நீட்டினாள், எனக்கல்ல. இறக்கிவிட்டேன். தவழ்ந்து நேராக அந்தப் பெட்டிக்குப் போய், கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டாள். அப்புறம் திரும்பி, கட்டிலின் மேல் கிடந்த என் போனைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். "பா" என்றாள்.

விசிறிச் சத்தம் உன் எஞ்சின் சத்தம், ஜோமர். உன் குரலுக்குப் பின்னால் தினமும் அவள் கேட்டுத் தூங்குகிற சத்தம். நீ வந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டாள். பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் வரை போய்த் தேடினாள்.

அவளுக்கு உன் முகம் பழகாமல் இருக்கலாம். உன்னைத் தெரியும். நீ எப்ப கிளம்புவாய் என்று இவள் கேட்கமாட்டாள். ஏன் இவ்வளவு அமைதியாக வந்திருக்கிறாய் என்றுதான் கேட்பாள். வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லாத சத்தம் கேட்கவேண்டும் என்றாயே, அது கிடைக்காது. எப்படித் தூக்குவது என்று நான் காட்டித் தருகிறேன். இப்போது கனம்தான், ஆனால் அவளே பிடித்துக்கொள்வாள்.

நீ கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அதையும் எனக்கு நேராக எழுது. நான் சனிக்கிழமை கில்மோர் போய் ப்ராசஸரை மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். மார்ச் வரைக்கும் சின்ன ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பேன். கோபப்படுவேன், ஆனால் தட்டைத் திருப்புவதை நிறுத்தமாட்டேன்.

போடாவிட்டால், கார்டை ஜாக்கெட்டில் சுற்றி நீயே கொண்டுவா.

எதுவானாலும் கடை சனிக்கிழமை வரைக்கும்தான். ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.

ரிசா